காற்று நின்ற காலை

புதிதாக ட்ரோன் ரிமோட்டைக் கையில் வாங்கியிருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

உங்கள் பயிற்சி முடிந்த அன்று என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "எல்லாரும் நல்லாப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு கேட்டார்கள், மூன்றுதான் சொன்னாய் என்று எங்கள் குழுத் தலைவி வளர்மதி இன்னும் குத்திக் காட்டுகிறாள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுத வரும் என்றும் சொல்ல முடியாது, பத்தாவதோடு நின்றவள். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது ஒரு வசதி.

எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. கண்ணில் புரை விழத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் வயலின் அந்தக் கோடியில் ட்ரோன் என்னை நோக்கி வருகிறதா, என்னைவிட்டுப் போகிறதா என்று தெரியவில்லை. அன்றைக்கே இறக்கிப் பெட்டியில் வைத்தேன். அறுவை செய்துகொண்டால் சரியாகும் என்கிறார்கள். ஆனாலும் அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். உங்கள் விரல்களின் வேகத்தைப் பார்த்தேன். ஓட்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மகளிர் குழுவுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் வந்தபோது, ஓட்டப் போகிறவர் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு பேரில் அந்தச் சான்றிதழ் என்னிடம் மட்டும்தான் இருந்தது. குழுத் தலைவி வளர்மதி ஒன்பதாவதில் நின்றவள். அந்தப் பெட்டிக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியவள் அவள்தான். "வாயுள்ளவ நானு, சர்ட்டிபிகேட் உள்ளவ நீ. ரெண்டையும் சேத்தா ஒரு ஆளு. கெளம்புடி" என்று என்னைத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏற்றிவிட்டாள்.

பயிற்சி மையத்தில் என்னைத் தவிர எல்லாரும் கல்லூரி வயதுப் பிள்ளைகள். வானிலைப் பாடம் எடுத்தவருக்கும் இருபத்தைந்து வயதுதான் இருக்கும். என் மகளைவிட இரண்டு வயது பெரியவர். நாங்கள் அவரை மேடம் என்போம். பெரிய விமானம் ஓட்ட ஆசைப்பட்டு, தனியார் விமானி உரிமத்துக்குப் படித்தவர். எழுத்துத் தேர்வுகளை எல்லாம் முடித்துவிட்டார். பறந்து பழகும் செலவு வீட்டுக்குத் தாங்காமல் பாதியில் வந்துவிட்டார். அந்தப் படிப்புக்காக எழுதிய வானிலை நோட்டை வைத்துக்கொண்டுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார். நீல அட்டை போட்ட தடித்த நோட்டு, ஓரமெல்லாம் மேகங்களின் படம்.

"ட்ரோனுக்கு இவ்வளவு தேவையில்ல. ஆனா எனக்கு இதைச் சுருக்கத் தெரியாது. பொறுத்துக்கங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் அவர் பலகையில் ஒரு வட்டம் போட்டார். "காத்து இருநூத்தி எழுவது டிகிரின்னு அறிக்கையில போட்டிருக்கு. அதாவது மேற்கு. அப்ப காத்து மேற்கு நோக்கிப் போகுதா, மேற்கேர்ந்து வருதா?"

பிள்ளைகள் எல்லாம் மேற்கு நோக்கித்தான் போகிறது என்றார்கள். நான் எனக்குள் முனகினேன்.

"அம்மா, நீங்க என்னமோ சொன்னீங்களே. சத்தமா சொல்லுங்க."

"மேகாத்துங்க மேடம்."

"அப்படின்னா?"

"மேக்கேருந்து வர்றது. காத்துக்கு நாங்க வர்ற ஊரைத்தான் சொல்லுவோம். போற ஊரைச் சொல்ல மாட்டோம்."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆச்சும்மா" என்றார். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் விடுதியில் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு நாள் விடியற்காலையில் எங்களை எழுப்பி மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனார். மாசி மாதம், போர்வையோடு போனோம். பெரிய கோயில் விமானம் பாதிவரை பனியில் மூழ்கியிருந்தது. பக்கத்து ஓட்டல் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை கொஞ்சம் ஏறி, பிறகு ஏற வழியில்லாததுபோலப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

"சாதாரணமா மேல போகப் போகக் குளிரும். சில விடியக்காலையில அது தலைகீழா இருக்கும். தரை குளிர்ந்து கிடக்கும், மேல சூடான காத்து நிக்கும். சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. கீழ இருக்கிறது மேல போக முடியாது, கலைஞ்சும் போகாது. அப்படியே மெதந்துகிட்டுக் கிடக்கும். இதுக்குப் பேரு இன்வெர்ஷன்" என்றார் மேடம். "காத்து வேகமா அடிச்சா எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க. காத்தே இல்லாத காலையிலதான் ஏமாறுவாங்க."

நான் அதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. சரியான விடையைக் குறித்தேன். தேறினேன்.

அந்தப் பத்து நாளை இப்போது நினைத்தாலும் போர்வை மணமும் ஓட்டல் காபி மணமும் சேர்ந்து வருகின்றன. முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு நோட்டும் பேனாவும் எனக்கென்று இருந்தன. யாருக்கும் சமைக்காத பத்து நாள் அவை.

வேலைக்கு வந்த முதல் வருஷம் காற்று எங்களை ஒருமுறை விளையாட்டாகத் தண்டித்தது. பூம்புகார் பக்கம் ஒருவருக்கு உளுந்து பூத்திருந்த நேரம், உரக் கரைசல் தெளிக்கப் போனோம். காலையில் லேசான மேல்காற்று. படித்தபடியே மேற்கு வரப்பில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றோம். தெளிப்பு எங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. வேலை இழுத்துக்கொண்டு பதினொரு மணி தாண்டியது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் திரையைப் பார்த்தேனே தவிர தென்னை ஓலையைப் பார்க்கவில்லை. ஓலை திரும்பி ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அடுத்த சுற்றில் கடற்காற்று முழுத் தெளிப்பையும் தூக்கி எங்கள் மேல் போட்டது. தலை, முகம், புடவை எல்லாம் உரம்.

வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உளுந்துக்கு முன்னாடி நாம காய்ச்சுருவோம்டி" என்றாள்.

நிலத்துக்காரர் சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நிமிர்ந்து மரத்தைப் பார்ப்பேன். கற்றுக்கொண்டுவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமிதம் வந்தது. இனிமேல் சொல்லப்போவது அந்தப் பெருமிதம் வந்த பிறகு நடந்தது.

இரண்டாம் வருஷம், வைகாசிக் கடைசி. மயிலாடுதுறைக்குத் தெற்கே எங்கள் ஊரில், போர் தண்ணீரை வைத்து முன்கூட்டியே குறுவை நெல் நட்ட வயல் ஒன்று. நிலத்துக்காரர் சென்னையில் இருந்தார். களை மண்டிவிட்டது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்தை இத்தனை நாளுக்குள் அடித்தாக வேண்டும் என்று தினமும் போன் செய்தார். ஆனால் அந்த வாரம் முழுதும் மேல்காற்று பேயாக அடித்தது. நாலு நாள் போய் நாலு நாளும் திரும்பி வந்தோம். ஒவ்வொரு நாளும் நான் முடியாது என்று தலையை ஆட்ட, வளர்மதி அதைப் போனில் நல்ல வார்த்தையாக மாற்றிச் சொல்வாள்.

நாலாம் நாள் சாயங்காலம் ஒரு மழை பெய்து மண் குளிர்ந்தது. ஐந்தாம் நாள் விடியும்போது வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. ஒரு இலை ஆடவில்லை.

"காத்து செத்துப்போச்சுடி கோமதி. இன்னைக்கு விட்டா நாளைக்கு மறுபடி பேயாட்டம்தான்" என்றாள் வளர்மதி.

வயல் மூலையில் ஒரு மாட்டுக்கொட்டகை. கொசுவுக்காக ராத்திரி போட்ட மூட்டம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகை தென்னைமரத்தின் பாதி உயரத்தில் நின்று, வெள்ளைத் துண்டைக் கொடியில் உலர்த்தியதுபோல வயல் மேல் நீளமாகக் கிடந்தது. எனக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது. போனில் படம் எடுத்தேன்.

"படம் புடிச்சது போதும், மோட்டாரைப் போடு" என்றாள் வளர்மதி.

போட்டேன். ஆறரைக்குள் வேலை முடிந்தது. வரப்பில் உட்கார்ந்து கொண்டுபோயிருந்த இட்டிலியைப் பிரித்தோம். மருந்து வாடை போகவே இல்லை. கையில்தான் ஒட்டியிருக்கிறது என்று இரண்டுமுறை சோப்புப் போட்டுக் கழுவினேன். வெயில் ஏறியதும் மேல்காற்று மெல்லக் கிளம்பியது. நல்லவேளை, முடித்தபிறகு வந்தது என்று சந்தோஷப்பட்டோம்.

அந்த வயலுக்குக் கிழக்கே மல்லிகாவின் பருத்தி. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். மல்லிகாவுக்கு நாற்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. "விவசாயமெல்லாம் வேணாம், சும்மா இரு" என்று அவர் சொன்னதைக் கேட்காமல், முதல்முறையாகத் தன் பெயரில் குத்தகை பிடித்துப் போட்ட பயிர். செடி இடுப்பளவு நின்றது. மொட்டும் பூவுமாக இருந்த நேரம்.

ஆறேழு நாள் கழித்து, காலையில் பால் சொசைட்டியில் வரிசையில் நிற்கும்போது மல்லிகா ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தாள். பருத்தி இலை உள்ளங்கையை விரித்ததுபோல அகலமாக இருக்க வேண்டும். அந்தக் கிளையின் கொழுந்து இலைகள் எல்லாம் ஒடுங்கி, நீண்டு, விரல்களைக் குவித்ததுபோல இருந்தன. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பூச்சி என்றார் ஒருவர். மண்ணில் சத்து இல்லை என்றார் இன்னொருவர். உரக்கடையில் வைரஸ் என்று சொல்லிவிட்டார்களாம், பக்கத்து வயலுக்கும் பரவுமாம்.

"பேசாம உழுதுட்டு நடவு போடுன்னு சொல்றாங்க. மேட்டூர்ல தொறந்த தண்ணியும் வாய்க்காலுக்கு வந்துருச்சு. நாளைக்குக் காலையில டிராக்டர் வருது" என்றாள் மல்லிகா. அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பருத்திக்காரர்கள் தங்கள் பயிருக்கும் இன்றைக்கே மருந்து அடித்துவிடப் போவதாகப் பேசிக்கொண்டார்கள்.

கிளை கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்தது. நான் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுத்தேன். இரண்டு நாளாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மேற்கு ஓரத்துச் செடிகள் மட்டும் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்திருந்தேன். பார்த்தும் பார்க்காததுபோலப் போயிருந்தேன்.

சாயங்காலம் போனைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். தென்னைமரம், படுத்த புகை. நான் நோட்டில் இரண்டு கோடு போட்ட பாடம் அப்படியே என் கையில் இருந்தது. அழகாக இருக்கிறது என்று எடுத்திருக்கிறேன்.

வளர்மதியிடம் போய்ச் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"மருந்துன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம் நீ ஏன் சொல்ற? பன்னெண்டு பேரு நம்பி இருக்கோம்டி. பெட்டியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நீயும் நானும் நாத்துப் பறிக்கப் போவணும்."

"நாளைக்கு உழுதுருவா, வளரு."

"வைரஸா இருந்தா உழுவத்தானே வேணும்?"

"வைரஸ் இல்லையே."

அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் பெட்டி வந்த கதை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில் மேடத்துக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுக்கொண்டார். புகையின் படத்தையும், வயல் ஓரத்தில் நின்று எடுத்த இலையின் படத்தையும் அனுப்பச் சொல்லிப் பார்த்தார். இலையைப் பார்த்தால் களை மருந்துதான் என்றார். பிறகு, "அம்மா, நீங்க சொல்லலாமா வேணாமான்னு கேக்கறீங்களா, இல்ல எப்படிச் சொல்றதுன்னு கேக்கறீங்களா?" என்றார்.

நான் வழியோர மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன்.

"ரெண்டாவதுன்னா நான் சொல்லித் தர்றேன். முதல்ல பயிர். உழ வேணாம், பரவாது, அதைச் சொல்லுங்க. அடுத்தது நீங்க. நான்தான் அடிச்சேன்னு சொல்லுங்க. மன்னிப்பெல்லாம் கடைசியில. நீங்க முதல்லயே அழுதீங்கன்னா அவங்க உங்களைச் சமாதானம் பண்ண வேண்டியிருக்கும், அதுக்குள்ள டிராக்டர் உள்ள இறங்கிரும். பறக்கும்போது ஏதாவது கோளாறு வந்தா எதை முதல்ல பாக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன்ல? அதே வரிசைதான்."

"பொழைக்குமா மேடம்?"

"லேசா பட்டிருந்தா பொழைக்கலாம். தண்ணி காட்டிட்டுப் பத்து நாள் பொறுத்துப் பாருங்க. மேல வர்ற புதுத் தளிர் அகலமா வந்தா நல்லது. ஆனா பொழைக்கும்னு வாக்குக் குடுக்காதீங்க. நமக்குத் தெரியாது."

காலை ஆறு மணிக்குப் போனேன். டிராக்டர் ஏற்கெனவே வரப்போரம் உறுமிக்கொண்டு நின்றது. மல்லிகா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க ட்ரோன் மேடம். இன்னைக்கு என்ன நடந்தே வர்றீங்க, பேட்டரி தீந்துருச்சா?"

டிரைவர் சிரித்தார். வழியெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது இரண்டு வார்த்தையாகத்தான் வெளியே வந்தது.

"உழுவாத, மல்லிகா."

"என்னது?"

"இது நோயில்ல. பரவாது."

"நீ எப்பக்கா டாக்டரான?"

"எங்க மருந்து. அன்னைக்கு மேக்கால வயல்ல அடிச்சோம்ல, அது இங்க வந்துருக்கு. நான்தான் அடிச்சேன்."

யாரும் சொல்லாமலே டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

மல்லிகா என்னையே பார்த்தாள். "அன்னைக்குக் காத்தே இல்லையே. நான் கொல்லையில பால் கறந்துகிட்டு இருந்தேன். முருங்கைக் கொப்புகூட ஆடல."

"காத்து இல்லாததாலதான்."

"கிண்டல் பண்றியா?"

அப்போது நான் அவளுக்குச் சொன்னேன். குளிர்ந்த தரை, மேலே சூடு, சட்டிக்கு மூடி, மருந்துத் துளி இறங்கவும் இறங்காமல் கலையவும் கலையாமல் மிதந்தது, வெயில் ஏறியபின் வந்த காற்று அதைக் கிழக்கே தள்ளியது எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல்முறை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தெனமும் எனக்கு முன்னாடிதான் நின்னு பால் ஊத்துற. ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நேத்து சாயங்காலம்தான் எனக்கு உறுதியாச்சு."

"சந்தேகம் எப்ப வந்துச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதானே" என்றாள்.

அவள் பருத்திக்குள் இறங்கினாள். நானும் பின்னால் போனேன். மேற்கு ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கொழுந்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். குவிந்த விரல்கள் வரிசைக்கு வரிசை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தன. இருபதாவது வரிசை வாக்கில் இலை அகலமாக, பழையபடி இருந்தது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் முக்கால்வாசி வயல் பச்சையாக நின்றது.

"இதையும் சேத்து உழுதுருப்பேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். "முன்னால உள்ளது பொழைக்குமா?"

"தெரியாது. தண்ணி காட்டிட்டுப் பத்து நாள் பாக்கச் சொன்னாங்க."

"தெரியாதுங்கறத மட்டும் தைரியமா சொல்ற." பிறகு டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தம்பி, நீ இன்னைக்குப் போயிட்டு வா. தேவைன்னா கூப்பிடுறேன்."

இனி மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் என்கிட்ட வேணாம். வைரஸ்னு பயந்துகிட்டு ரெண்டு பேரு நல்ல செடிக்கு மருந்து அடிச்சுகிட்டு இருக்காங்க. நேரா சொசைட்டிக்கு வா. எல்லார் முன்னாடியும் சொல்லு."

"நீயே சொல்லிடேன், மல்லிகா."

"நானா ஓட்டுனேன்?"

மல்லிகா வரப்பில் இருந்த பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். பருத்தி வயலிலிருந்து பால் சொசைட்டி பத்து நிமிஷ நடை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான வழியில் நான் நடந்ததில்லை. அங்கே முப்பது பேர் பாத்திரத்தோடு நின்றார்கள். வளர்மதியும் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் பேசத் தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா" என்றாள் மல்லிகா.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பருத்திக்கு வந்தது நோய் இல்லை, நான் அடித்த களை மருந்து, மற்றவர்கள் பயிருக்கு ஒன்றும் வராது, மருந்து அடிக்க வேண்டாம். அவ்வளவுதான்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "பொம்பளைங்க கையில மிசினைக் குடுத்தா இப்படித்தான்" என்றார்.

மல்லிகா பாத்திரத்தை ணங்கென்று கீழே வைத்தாள். "போன வருஷம் நீங்க கைத்தெளிப்பான்ல அடிச்சு என் கொல்லையில கத்தரிச் செடி பூராவும் கருகுச்சே. ஒரு நாள் வந்து சொன்னீங்களா பெரியப்பா?"

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அப்போதுதான் வளர்மதி வரிசையைவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "கோமதி மட்டும் இல்லீங்க. குழுத் தலைவி நானு. மோட்டாரைப் போடுன்னு சொன்னதே நான்தான்" என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்த மாதம் பெட்டி கொடுத்த அலுவலகத்து அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். பெட்டியை எடுத்துப் போகவில்லை. ஆனால் அந்தக் குறுவை முடியும்வரை எங்களை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தினமும் பெட்டியைத் திறந்து துடைத்துவிட்டு மூடுவேன்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய விஷயம் இல்லை. வயலில் இறங்கியதும் போனை எடுக்காதீர்கள், திரையைப் பார்க்காதீர்கள். கொஞ்சநேரம் சும்மா நில்லுங்கள். எங்கேயாவது புகை தெரிகிறதா, அது ஏறுகிறதா படுக்கிறதா என்று பாருங்கள். புகை இல்லையென்றால் புல்லில் பனி காய்ந்து வெயில் உறைக்கும்வரை உட்காருங்கள். நிலத்துக்காரர் திட்டுவார். நாலு நாள் காத்திருந்தவர் என்றால் அதிகமாகத் திட்டுவார். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னைப்போலப் பேச வராதவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வேண்டாம் என்பதைத் தலையை ஆட்டியாவது சொல்லிவிடலாம். சொசைட்டியில் நின்று சொல்வதைவிட அது எவ்வளவோ சுலபம்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் மல்லிகா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நாளைக்குப் பருத்தி எடுக்கறோம். ஆளு தேவை. வளர்மதியையும் கூட்டிகிட்டு வா" என்றாள்.

போனோம். பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு இரண்டு வரிசையாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தவள், என் முறை வந்ததும் மேற்கு ஓரத்தைக் காட்டினாள். "உன் வரிசை அதுதான். நீயே எடு."

இறங்கினேன். அந்த வரிசைகளில் செடி சாகவில்லை. மேலே புது இலை அகலமாகத்தான் வந்திருந்தது. நன்றாகத் தழைத்திருந்தது, காய்தான் பிடிக்கவில்லை. செடிக்கு ஒன்று, இரண்டு. பல செடிகளில் அதுவும் இல்லை. ஒவ்வொரு கிளையையும் விலக்கி விலக்கித் தேடினேன். அந்தப் பக்கம் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு எடுத்தார்கள். அவர்கள் மடி புடைத்துக்கொண்டே போனது. என் மடி காலியாகவே தொங்கியது. இரண்டு வரிசை முடிந்து, சொல்லாமலே மூன்றாவது, நாலாவது வரிசைக்கும் போனேன். ஒரு செடியையும் விடவில்லை. வெயில் உச்சிக்கு வரும்போது ஓரத்து வரிசைகளை எல்லாம் முடித்துவிட்டேன். மடியில் இருந்த பஞ்சு ஒரு தலையணைக்குக்கூடக் காணாது.

அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"அங்க என்ன நின்னுகிட்டு இருக்க?" என்று மல்லிகா நடு வயலிலிருந்து கத்தினாள். "முடிச்சுட்டேல்ல? இங்க வாக்கா. இந்தப் பக்கம் கையே பத்தல."

மடியைச் செருகிக்கொண்டு வரிசைகளைத் தாண்டிப் போனேன். அங்கே செடிகள் வெள்ளையாக வெடித்து நின்றன. வளர்மதி பேச்சை நிறுத்தாமலே கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.